திசு மாதிரி கேட்டு வார்டுக்குப் போகும் முன்: புதிதாக வருபவர்களுக்கு

பேத்தாலஜியில் பிஜி சேர்ந்திருப்பீர்கள், அல்லது பயோடெக்னாலஜி முடித்துவிட்டு ஒரு புற்றுநோய் ஆய்வுத் திட்டத்தில் வேலைக்கு வந்திருப்பீர்கள், அல்லது நர்சிங் படித்துவிட்டு ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஆகியிருப்பீர்கள். முதல் வாரத்திலேயே யாராவது ஒரு கட்டு ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து, “சர்ஜரி வார்டுக்குப் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க” என்று அனுப்புவார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். “வேண்டாம்” என்று சொல்ல நினைக்கிற நோயாளி, பயமில்லாமல் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போக முடிகிற மாதிரி உங்கள் ஏற்பாடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மற்றவர்கள் சொன்ன “சரி”க்கு மதிப்பு. படிவம், கமிட்டி, சாட்சி எல்லாமே அதற்காக வந்தவை. கீழே சொல்வது இந்திய மருத்துவமனைகளுக்கு, அதிலும் தமிழ் பேசும் நோயாளிகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தும்.

திசு எந்த வழியாக வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் படிவத்தைத் தொடவே கூடாது. பொதுவாக மூன்று வழிகள்.

முதலாவது, மீந்த திசு. சிகிச்சைக்காக எப்படியும் தைராய்டையோ மார்பகத்தையோ குடலின் ஒரு பகுதியையோ எடுக்கப் போகிறார்கள். நோயறியும் பரிசோதனைக்கு வேண்டியது போக மிச்சமிருப்பதில் ஒரு துண்டு உங்களுக்கு. இரண்டாவது, உங்களுக்காகக் கூடுதலாக எடுப்பது: பயாப்சி ஊசியை இன்னும் ஒருமுறை செலுத்துவது, எண்டோஸ்கோப்பியின்போது இன்னும் இரண்டு துணுக்குகள், இன்னொரு டியூப் ரத்தம். இங்கே வலியும் ரத்தக்கசிவும் தொற்றும் சிறிதளவாவது கூடுகின்றன, அதுவும் முழுக்க உங்கள் ஆய்வுக்காக. அதனால் ஏதாவது ஆகிவிட்டால் யார் வைத்தியம் பார்ப்பார்கள், செலவு யாருடையது, இழப்பீடு எப்படி என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, பேத்தாலஜி அலமாரியில் ஏற்கனவே இருக்கும் பழைய பாரஃபின் பிளாக்குகள், அதாவது மெழுகில் பதித்துப் பாதுகாத்து வைத்த திசுத் துண்டுகள். இதற்குத் தனி விதி, பின்னால் வருகிறேன்.

இரண்டாவது வகையை முதலாவது போலப் பேசி வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. “எப்படியும் ஊசி போடப் போறாங்க, அப்படியே ஒண்ணு எடுத்துக்கறோம்” என்று சொல்வார்கள். அந்த ஒன்று நோயாளியின் சிகிச்சைக்குத் தேவையில்லாத ஊசி, அதை அப்படியே சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: “ஆபரேஷனுக்குத்தான் கையெழுத்துப் போட்டாச்சே, எடுத்த சதை எப்படியும் வெளியே போறதுதானே, தனியா என்ன கேக்கணும்?” ஒரு காரியத்துக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி விட்டுப் பார்ப்பதற்குச் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். அது சிகிச்சை தொடர்பான வழக்குதான், ஆனாலும் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு என்பேன்.

கமிட்டி அனுமதி

எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்வது என்று ஒன்று கிடையாது, அந்த மாதிரிகள் பயன்படாது.

நாட்டில் இதற்கு அடிப்படை ஆவணம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள். அதில் உயிரியல் மாதிரிகளுக்கும் அவற்றைச் சேமித்து வைக்கும் பயோபேங்குகளுக்கும் தனிப் பகுதியே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முழுதும் முடியாவிட்டாலும் அந்தப் பகுதியையும் ஒப்புதல் பற்றிய பகுதியையும் படித்துவிடுங்கள். கூடவே 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, மருந்துப் பரிசோதனை அல்லாத உயிர்மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டியும் சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கமிட்டியின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, கேளுங்கள்.

கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், டாக்டர்களோடு சட்டம் தெரிந்தவர், சமூகவியல் பக்கத்தவர், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் என்று கலந்திருப்பார்கள். அந்தப் பொதுமக்கள் பிரதிநிதி கேட்கிற கேள்விதான் பெரும்பாலும் சரியான கேள்வியாக இருக்கும், “இதை எங்க ஊர்ல ஒருத்தர் படிச்சா என்ன புரிஞ்சுப்பார்?” என்பார். அவருக்குப் பதில் சொல்ல முடிந்தால் வார்டிலும் பதில் சொல்லிவிடுவீர்கள்.

அனுமதி வந்தபின் படிவத்தில் ஒரு வரி மாற்றினாலும் மறுபடி கமிட்டிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். வார்டுக்குக் கொண்டுபோகிற கட்டு, கமிட்டி முத்திரை போட்ட அதே பதிப்புதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பழைய ஜெராக்ஸ் கட்டு ஏதாவது ஒரு மேசை டிராயரில் கிடக்கும், அதை அன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

பழைய பிளாக்குகள் விஷயம். ஐந்து வருடம் முன்பு ஆபரேஷன் ஆனவரைத் தேடிப் பிடிப்பது பல நேரம் முடியாத காரியம். அடையாளம் நீக்கிய மாதிரிகளாக இருந்து, ஆய்வில் ஆபத்து மிகக் குறைவாகவும் இருந்தால், ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு தரச் சொல்லிக் கமிட்டியிடம் கேட்கலாம். கமிட்டி தரலாம், தராமலும் போகலாம். விலக்கை முடிவு செய்வது கமிட்டி மட்டுமே, உங்கள் கைடோ துறைத் தலைவரோ இல்லை.

தகவல் தாளை எழுதுவது

தமிழில் இருக்கிற தகவல் தாள்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்தவை போல இருக்கும். இந்த மாதிரி:

“இவ்வாய்வின் பொருட்டு தங்களிடமிருந்து பெறப்படும் திசு மாதிரியானது மூலக்கூறு பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும் என்பதை அறிந்துணர்ந்து தன்னிச்சையாக ஒப்புதல் அளிக்கிறேன்.”

இதைப் படித்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. இதையே இப்படி எழுதலாம்:

“நாளை ஆபரேஷனில் உங்கள் கட்டியை எடுப்பார்கள். அது என்ன கட்டி என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு வேண்டியது போக மீதி இருந்தால், புளியங்கொட்டை அளவு ஒரு துண்டை எங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறோம். இதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை, உங்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் ஆபரேஷன் அதே நாளில் நடக்கும்.”

இந்த நடையில் முழுத் தாளும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். என்ன எடுக்கிறோம், எவ்வளவு, எங்கே வைத்திருப்போம், எத்தனை வருடம், யார் கையில் போகும், மரபணுப் பரிசோதனை உண்டா, வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவோமா, கம்பெனிக்குப் போகுமா, வெளிநாட்டுக்குப் போகுமா, முடிவைத் திரும்பச் சொல்வோமா, பின்னால் மனம் மாறினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. இதில் எதையும் விடக் கூடாது. “நேரடிப் பலன் இல்லை” என்ற வரியை மட்டும் தனிப் பத்தியாக, பெரிய எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்கிற எதுவும் தன் நோயைக் குணப்படுத்தத்தான் என்று நோயாளி நினைப்பது இயல்பு, அந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டு வாங்கிய சம்மதம் எனக்குச் சம்மதமாகவே படவில்லை.

எழுதி முடித்ததும் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத யாரிடமாவது, கேன்டீனில் வேலை பார்க்கும் அக்காவிடமோ வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடமோ, வாசித்துக் காட்டுங்கள். எங்கே முகம் சுருங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

யார் கேட்பது, எப்போது கேட்பது

ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரே கேட்டால் மறுப்பது கஷ்டம். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்கக் காத்திருந்து, வேலையை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பவர், மறுநாள் தன் வயிற்றைத் திறக்கப் போகிறவரிடம் “அதெல்லாம் வேணாம் சார்” என்று சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. சிகிச்சை டாக்டர் ஆய்வைப் பற்றி ஒரு வரி அறிமுகம் செய்து வைக்கலாம். அதற்கப்புறம் பேசுவதும் கேட்பதும் சிகிச்சையில் சம்பந்தமில்லாத ஆளாக இருக்கட்டும், ரவுண்ட்ஸ் நேரத்தில் பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியமோ மாலையோ நல்ல நேரம். தியேட்டர் வாசலில் ட்ராலியில் படுத்திருப்பவரிடம், அதிலும் மயக்கத்துக்கு முந்தைய மருந்து கொடுத்த பிறகு, கையெழுத்து வாங்குவது ஒருக்காலும் கூடாது. பிரசவத்தில் நஞ்சுக்கொடியோ தொப்புள்கொடி ரத்தமோ கேட்கிற ஆய்வு என்றால், இடுப்பு வலி வந்து துடிக்கும்போது அல்ல, மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே பேசிவிட வேண்டும். நஞ்சுக்கொடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கும் பழக்கமுள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, சர்க்கரை நோயால் எடுக்கப்பட்ட காலைக் கேட்டு வாங்கிப் புதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். “உங்க வழக்கப்படி ஏதாவது செய்யணுமா?” என்று நீங்களாகவே கேளுங்கள், அவர்களாகச் சொல்லத் தயங்குவார்கள்.

உட்கார்ந்து பேசுவது

நின்றுகொண்டு பேசாதீர்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அம்மா, நாளைக்கு ஆபரேஷன்ல எடுக்கிற கட்டியைப் பத்தி ஒரு விஷயம் கேக்கணும். இப்பப் பேசலாமா, இல்ல உங்க பொண்ணு வந்ததும் வரட்டுமா?”

“நீங்க டாக்டரா தம்பி?”

“இல்லம்மா, நான் ஆராய்ச்சிப் பக்கம் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவங்க வேற.”

“இது எதுக்கு? எனக்குச் சீக்கிரம் சரியாகவா?”

“இல்லம்மா. உங்களுக்கு இதனால எதுவும் கிடைக்காது. பின்னாடி இதே நோய் வர்றவங்களுக்கு உதவலாம், அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு என்னை எடுக்க மாட்டாங்களா?”

“கண்டிப்பா எடுப்பாங்கம்மா. நீங்க வேணாம்னு சொன்னது வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கே தெரியாது, உங்க கேஸ் ஷீட்ல எழுத மாட்டோம்.”

கடைசியில் சொன்னதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. மறுத்தவர்களின் பட்டியல் ஆய்வுக் குழுவின் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, யூனிட் வாட்ஸ்அப் குழுவில் “பெட் 14 மறுத்துட்டாங்க” என்று போடவே கூடாது.

பேசி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். “நான் சரியாச் சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும்மா, உங்க பொண்ணு வந்து ‘என்ன கேட்டாங்க’ன்னா என்ன சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லும்போது எங்கே விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். “இந்தத் துண்டை எடுத்தாத்தான் என்ன நோய்னு தெரியுமாம்” என்று சொன்னால் நீங்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம் ஊரில் முகத்துக்கு நேரே “முடியாது” என்று சொல்கிறவர்கள் குறைவு, அதுவும் ஆஸ்பத்திரியில். “எங்க வீட்டுக்காரர் வரட்டும்.” “கண்ணாடி கொண்டுவரலை.” “பார்க்கலாம் சார்.” “எனக்கு என்ன தெரியும், நீங்க பார்த்துச் செய்ங்க.” இவற்றில் முதல் மூன்றும் பெரும்பாலும் மறுப்பு. ஒருமுறை, வீட்டுக்காரர் வந்த பிறகு, போய்க் கேட்கலாம். அப்போதும் இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், மூன்றாம் முறை போனால் அது தொந்தரவு, அவர் கடைசியில் போடுகிற கையெழுத்து உங்களை அனுப்பிவைப்பதற்காகப் போடுவது. நான்காவது வாக்கியம் வேறு மாதிரி. அதில் நம்பிக்கை இருக்கிறது, முடிவு இல்லை. “இது நீங்க முடிவு பண்ற விஷயம்மா, எது சொன்னாலும் எனக்குச் சரிதான்” என்று சொல்லித் தாளைக் கொடுத்துவிட்டு, ராத்திரி யோசிக்கட்டும் என்று வந்துவிடுங்கள்.

நோயின் பெயரே தெரியாத நோயாளி

எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைப் போதுமான அளவு பேசுவதில்லை. புற்றுநோய் வார்டில் வாரம் ஒருமுறையாவது வரும். நீங்கள் படிவத்தோடு போகும்போது மகன் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், “சார், அப்பாவுக்கு என்ன வியாதின்னு சொல்லலை. சாதாரணக் கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்பார். அவர் கெட்டவர் இல்லை, அப்பா உடைந்துபோவார் என்ற பயம்.

இங்கே மூன்று வழிகள் தோன்றும், இரண்டு தப்பு. மகனிடம் கையெழுத்து வாங்குவது தப்பு, தெளிவான மனநிலையில் இருக்கும் வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர் ஆய்வுக்குச் சம்மதிக்க முடியாது. படிவத்தில் “புற்றுநோய்” என்ற சொல்லை எடுத்துவிட்டு “கட்டி ஆய்வு” என்று பூசி மெழுகுவதும் தப்பு, எதற்கு ஆய்வு என்று தெரியாமல் கொடுப்பது சம்மதம் ஆகாது. மீதி இருப்பது, அந்த நோயாளியைச் சேர்க்காமல் விட்டுவிடுவது. உங்கள் படிவம் மூலம் ஒருவர் தன் நோயைத் தெரிந்துகொள்ள நேரக் கூடாது, அது அவருடைய டாக்டர் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது. சிகிச்சை டாக்டரிடம் குடும்பம் இப்படிச் சொல்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள். அவர் பேசி, நோயாளிக்குத் தெரிந்து, ஓரிரு நாள் கழிந்து மனம் கொஞ்சம் அமைதியான பிறகு கேட்கலாம். அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டால் ஒரு மாதிரி போயிற்று, போகட்டும். எண்ணிக்கை குறைகிறதே என்று கைடு கேட்டால் காரணத்தை எழுதிக் காட்டுங்கள்.

கையெழுத்து

அவரேதான் போட வேண்டும், தேதியையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மனைவிக்குக் கணவர் போட முடியாது. படிக்கத் தெரியாதவர் என்றால், பேச்சு முழுவதும் கூட இருந்த, படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். நோயாளி கைரேகை வைக்க, சாட்சி கையெழுத்துப் போடுவார். எல்லாம் முடிந்தபின் யாரையோ கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது பொய்ச் சாட்சி.

குழந்தைகளுக்கு ஐசிஎம்ஆர் விதி இப்படி: 7 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் மட்டும். 7 முதல் 12 வரை பெற்றோர் ஒப்புதலோடு குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும், 12 முதல் 18 வரை எழுத்தில் வேண்டும். ஆய்வு நடக்கும்போதே 18 நிறைந்துவிட்டால் அவரிடம் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும். பெற்றோர் சரி என்று சொல்லிக் குழந்தை கையை இழுத்துக்கொண்டால், குழந்தை சொன்னதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் நோயாளிக்குத் தர வேண்டும். ஓபி சீட்டு வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் அவரையே வைக்கச் சொல்லுங்கள், அது வீட்டில் பத்திரமாக இருக்கும்.

இறந்தவரின் திசு என்றால் நெருங்கிய உறவினரிடம்தான் கேட்க வேண்டும், துக்கத்தின் நடுவே. பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கும் மூளை வங்கி அப்படிக் குடும்பங்கள் சம்மதித்துக் கொடுத்தவற்றைக் கொண்டு நடப்பது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையைப் பாருங்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பின் குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்திருந்தது விசாரணையில் வெளிவந்து, 2001-ல் அறிக்கை வந்தது. பிள்ளையை ஒருமுறை அடக்கம் செய்த பெற்றோர்கள் மீதி உறுப்புகளுக்காக மறுபடி அடக்கம் செய்தார்கள். பிரிட்டனின் 2004 மனிதத் திசுச் சட்டம் அதன் பிறகு வந்ததுதான்.

துண்டு எடுக்கும் மேசையில்

ஆபரேஷனில் எடுத்த உறுப்பை நீங்களாக வெட்டக் கூடாது. பேத்தாலஜிஸ்ட் பார்த்து, அளந்து, ஓரங்களுக்கு மை பூசி, எது நோயறிதலுக்குத் தேவை என்று ஒதுக்கியபின் அவர் வெட்டிக் கொடுப்பதுதான் உங்களுக்கு. ஆர்என்ஏ கெடாமல் இருக்க அரை மணி நேரத்துக்குள் திரவ நைட்ரஜனில் போட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும், அந்த அவசரத்தில் கட்டியின் ஓரம் சிதைந்தால் முழுதும் எடுக்கப்பட்டதா இல்லையா என்பதே சொல்ல முடியாமல் போகும். கட்டி மிகச் சிறியது, தர முடியாது என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது, சம்மதம் கையில் இருந்தாலும்.

பாரஃபின் பிளாக்கை ஒருபோதும் தீர்த்துவிடாதீர்கள். அந்த நோயாளி ஆறு மாதம் கழித்து இரண்டாவது கருத்துக் கேட்க அடையாறுக்கோ வேலூருக்கோ போகலாம், அங்கே பிளாக்கைக் கேட்பார்கள். புதிய மருந்து ஒன்றுக்கு ஏற்ற கட்டிதானா என்று பார்க்க அதே பிளாக்கிலிருந்து இன்னொரு பரிசோதனை தேவைப்படலாம். நீங்கள் ஆய்வுக்காகச் சீவிச் சீவி வெறும் மெழுகை மிச்சம் வைத்தால், அவருக்குச் சிகிச்சையின் ஒரு வாசலை அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

டியூபில் பெயரோ ஓபி எண்ணோ எழுதாதீர்கள், குறியீடு மட்டும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் பூட்டிய வேறொரு இடத்தில், முதன்மை ஆய்வாளர் பொறுப்பில்.

பிறகு வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் மாதிரி இருக்கும், மூன்று வருடம் கழித்து இன்னொரு யோசனை வரும். படிவத்தில் அதற்கு அனுமதி கேட்டிருந்தால் கமிட்டி அனுமதியோடு செய்யலாம், கேட்காமல் விட்டிருந்தால் மறுபடி நோயாளியிடமோ கமிட்டியிடமோ போக வேண்டும்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவசுபாய் என்ற சிறிய பழங்குடி மக்களிடம் 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். அந்த மக்கள் புரிந்துகொண்டது, தங்களிடையே அதிகமாக இருந்த சர்க்கரை நோயைப் பற்றிய ஆய்வு என்று. அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்தது பின்னால் தெரியவந்தது. தாங்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று நம்புகிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழக்காகி, 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

இங்கே இது இன்னும் நெருக்கமான விஷயம். ஒரு சமூகத்துக்குள்ளேயே பல தலைமுறையாகத் திருமணம் நடக்கிற ஊரில், அட்டவணையில் மாவட்டம், வயது, சாதிப் பெயர், அபூர்வ நோய் நான்கையும் சேர்த்துப் போட்டால் பெயர் எழுதவே வேண்டாம், ஊரில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். சமூகத்தின் பெயர் ஆய்வுக்கு உண்மையிலேயே தேவையா என்று எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் படிவத்தில் ஒரே “சம்மதம்” கட்டம் வைக்காமல் தனித்தனியாக வையுங்கள்: இந்த ஆய்வுக்கு மட்டும், இதே நோய் பற்றிய வேறு ஆய்வுகளுக்கும், எந்த ஆய்வுக்கும், மரபணு ஆய்வு, வெளி நிறுவனங்களோடு பகிர்வது, மறுபடி தொடர்புகொள்வது. ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல அப்போதுதான் வழி இருக்கும். வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும், மாதிரியை என்ன செய்யலாம், மீதியை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும்.

காசு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்த செல்கள்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் வளரும் ஹீலா செல்கள். அவர் அந்த வருடமே இறந்தார், குடும்பத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் விஷயமே தெரியாது. அவற்றை விற்று லாபம் பார்த்ததாக ஒரு கம்பெனி மீது குடும்பம் தொடுத்த வழக்கு 2023-ல்தான் சமரசமானது. கலிஃபோர்னியாவில் ஜான் மூர் என்பவரின் மண்ணீரலிலிருந்து உருவாக்கிய செல் வரிசைக்கு, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் செல்களுக்குக் காப்புரிமை வாங்கிய வழக்கில், 1990-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், எடுத்த செல்கள் மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தனக்கு இதில் ஆய்வு ஆதாயமும் பண ஆதாயமும் இருப்பதை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும் என்றது. உங்கள் படிவத்தில் “இதிலிருந்து பின்னால் மருந்தோ பரிசோதனைக் கருவியோ வந்து விற்பனையாகலாம்” என்ற வரியும், அப்படி வந்தால் கொடுத்தவருக்கோ அவர் சமூகத்துக்கோ என்ன பங்கு என்பதும் இருக்க வேண்டும். பங்கு இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், அதைப் பார்த்து மறுப்பவர் மறுக்கட்டும்.

மனம் மாறினால், ஏதாவது தெரியவந்தால்

கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். காரணம் கேட்கக் கூடாது. ஃப்ரீசரில் இருப்பதை அழித்துவிட்டு, அழித்ததைப் பதிவேட்டில் எழுதி, அவருக்கும் சொல்லுங்கள். ஏற்கனவே கணக்கில் சேர்ந்து வெளியான முடிவை எடுக்க முடியாது, அடையாளத்தை நிரந்தரமாக நீக்கிவிட்டால் எது அவருடையது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வில், மகளுக்கும் மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்புக் காட்டும் மரபணு மாற்றம் தெரியவந்தால்? சொல்வதா வேண்டாமா என்பதைத் தெரியவந்த பிறகு யோசிக்கக் கூடாது. தெரிந்துகொள்ள விருப்பமா என்று படிவத்திலேயே கேட்டிருக்க வேண்டும், சொல்வதானால் முறையான ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்து, மரபணு ஆலோசகரோ டாக்டரோ உட்கார்ந்து சொல்ல வேண்டும். கருவோ நஞ்சுக்கொடியோ சம்பந்தப்பட்ட ஆய்வில் பாலினம் தெரியவந்தால், பிறப்பதற்கு முன் அதை யாரிடமும் சொல்லக் கூடாது, கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்யும் 1994-ன் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக ஒன்று, நாளை வார்டுக்குக் கிளம்பும் முன் செய்யுங்கள். படிவத்தின் அடியில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும், ஒன்று முதன்மை ஆய்வாளருடையது, இன்னொன்று கமிட்டி செயலருடையது. இரண்டையும் உங்கள் போனிலிருந்து அடித்துப் பாருங்கள். எண் மாறிப்போயிருக்கலாம், யாரும் எடுக்காத லேண்ட்லைனாக இருக்கலாம், எடுப்பவர் “அது எந்த ஆய்வு?” என்று கேட்கலாம். எடுத்து, தமிழில் பதில் சொல்கிற ஆள் கிடைக்கும் வரை அந்தப் படிவத்தை யாரிடமும் நீட்டாதீர்கள்.